ஸ்கட் ஏவுகணை வண்டி கிட்: பொறுமை இருந்தால் மட்டும்

சோவியத் காலத்து ஸ்கட்-பி ஏவுகணையைச் சுமக்கும் வண்டியின் மாடல் கிட், நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு (1/35) அளவு, பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு மாடியறையில் இரண்டு மாதமாக ஒட்டினேன், முதல் கிட்டாக மட்டும் இதை வாங்கிவிடாதீர்கள். நிஜ ஏவுகணை 11 மீட்டருக்கு மேல், இதில் ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம். இரண்டு பாதியையும் சேர்த்தால் நடுவில் நகம் நுழையும் இடைவெளி. புட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி புட்டி. எட்டுச் சக்கரமும் தரையில் உட்காருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் மூன்றாவது அச்சு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அப்புறம் மழைநாளில் லேக்கர் பெயின்ட் அடித்தேன், கடற்காற்று ஈரத்தில் பச்சை வெளிறிப் பால் படிந்த மாதிரி ஆகிவிட்டது. சரி, அது என் தப்பு. ஆனால் இரண்டு கேபினுக்கும் நடுவே அந்த ஏவுகணை மூக்கு படுத்திருக்கிற அழகு இருக்கிறதே!