டெத் வேலிக்குக் கேம்பர் வேன் வாடகைக்கு எடுப்போர் கவனத்திற்கு

கடந்த மார்ச் மாதம், நிலக்காட்சிப் படங்கள் எடுப்பதற்கென்றே ஆறு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, லாஸ் வேகஸில் ஒரு கேம்பர் வேனை (உள்ளேயே படுத்துறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) வாடகைக்குப் பிடித்து, தனியாகக் கலிபோர்னியாவின் டெத் வேலி என்ற பாலைவனத் தேசியப் பூங்காவுக்குச் சென்றுவந்தேன். நான்கு ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த பயணம் அது. அந்த நிறுவனம் எனக்குக் கொடுத்த வண்டியின் நிலையும், திருப்பி ஒப்படைத்த பிறகு என் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட தொகையும் இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. இதே வழக்கம் வேறு இடங்களிலும் இருக்கக்கூடும் என்பதால், பெயரைவிட எதையெதைச் சோதிக்க வேண்டும் என்பதே படிப்பவருக்குப் பயன்படும்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே பேட்வாட்டர் என்ற உப்புப் படுகை கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக இன்றும் பதிவேட்டில் உள்ளது. மார்ச்சில் அவ்வளவு கொடுமை இல்லை. பகலில் முப்பது டிகிரியை ஒட்டியிருக்கும், இரவில் இதமாக இருக்கும். ஆனால் ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ் போன்ற ஓரிரு குடியிருப்புகளை விட்டு நகர்ந்துவிட்டால் கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பது அரிது. தனியாகச் செல்பவருக்கு அந்த வண்டிதான் வீடு, தண்ணீர்த் தொட்டி, சமையலறை, திரும்பி வருவதற்கான ஒரே வழி. அதனால்தான் அங்கே பழுதான வண்டியைத் தெரிந்தே கொடுப்பதை வெறும் சேவைக் குறைபாடு என்று என்னால் கருத முடியவில்லை.

மாலை ஐந்து மணிக்கு வண்டியை ஒப்படைத்தார்கள். அலுவலகம் ஐந்தரைக்கு மூடப்படும் என்று சொல்லியே எல்லாவற்றையும் விரைவுபடுத்தினார்கள். ஒரு டேப்லெட்டை நீட்டி, பக்கங்களை அவர்களே தள்ளிக்கொண்டு, கையொப்பமிட வேண்டிய இடங்களை மட்டும் காட்டினார்கள். வண்டியில் ஏற்கெனவே இருந்த கீறல்களைக் குறிக்க வேண்டிய படத்தில் ஒரு குறிகூட இல்லை. உள்ளே விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஃப்ரிட்ஜில் கை வைத்தபோது சில்லென்று இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பினேன். வண்டியின் பக்கவாட்டில் செருகியிருந்த மின்கம்பி, வளாகச் சுவரில் இருந்த பிளக்கிற்குச் செல்வதைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் அதன் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை. வண்டி பேட்டரியில் இயங்கவில்லை. வெளியிலிருந்து வந்த மின்சாரத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்த பிறகுதான் அந்தக் கம்பியைப் பிடுங்கினார்கள்.

கேம்பர் வேனில் பழகாதவர்களுக்காக இதை விளக்க வேண்டும். அதில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று இன்ஜினைக் கிளப்புவது. மற்றொன்று விளக்கு, ஃப்ரிட்ஜ், மின்விசிறி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கானது. வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்து இந்த இரண்டாவது பேட்டரிக்கும் மின்சாரம் ஏற வேண்டும். ஏறாவிட்டால், வாடகைக்கு எடுப்பவர் வளாகத்தை விட்டு வெளியேறிய சில மணி நேரத்தில் அந்த வீடு செத்துவிடும்.

ஸ்டவ்பைப் வெல்ஸ் முகாமைச் சென்றடைந்தபோது இரவு ஒன்பதரை. அங்கிருந்து இரண்டு மைல் தொலைவில் மெஸ்கீட் ஃபிளாட் மணல்மேடுகள் உள்ளன. மார்ச் மாதத்தில் பால்வீதியின் மையப்பகுதி விடியலுக்கு முந்தைய சில மணி நேரம் மட்டுமே தென்கிழக்கில் எழும். அமாவாசையை ஒட்டிய அந்த இரவுகளுக்காகவே நாள் குறித்திருந்தேன். 2013-இலேயே இருண்ட வானப் பூங்கா என்ற சர்வதேச அங்கீகாரம் பெற்ற இடம் அது. மூன்று கேமரா பேட்டரிகளையும் மடிக்கணினியையும் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். இரண்டு மணிக்கு எழுந்தபோது வண்டிக்குள் எந்த ஓசையும் இல்லை. ஃப்ரிட்ஜின் முகப்பு இருண்டிருந்தது. சார்ஜரில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. சுவரில் இருந்த சிறிய அளவுகாட்டியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்: 10.9 வோல்ட். முழுமையாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் ஈய பேட்டரி 12.6 அளவில் நிற்க வேண்டும். 12-க்குக் கீழே போனாலே அது ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் குடிக்கலாம் என்று குழாயைத் திறந்தேன். மோட்டார் உறுமவில்லை, ஒரு சொட்டுகூட வரவில்லை. அடியில் எழுபது லிட்டருக்கு மேல் தண்ணீர் இருந்தும், எட்டி எடுக்க வழியில்லை. ஒரு நாளைக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்க வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் வலியுறுத்துவதைப் படித்து, நான்கு கேன் தனியாக வாங்கிவைத்திருந்ததால் அன்று தப்பித்தேன். அன்றிரவு பாதி சார்ஜ் ஏறிய ஒரே ஒரு பேட்டரியுடன் மணலில் நடந்து சென்றேன். அரை மணி நேரத்தில் அதுவும் தீர்ந்தது. பால்வீதி அப்போதுதான் மலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து அலுவலகத்தை அழைத்தேன். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் பேட்டரி தானாக ஏறிவிடும் என்றும், நான்தான் அதிகமாகப் பயன்படுத்தியிருப்பேன் என்றும் சொன்னார்கள். அன்று நூறு மைலுக்கு மேல் ஓட்டினேன். அளவுகாட்டி 11-ஐத் தாண்டவில்லை. பொறுக்க முடியாமல் படுக்கைக்கு அடியில் இருந்த பலகையைத் திறந்து பார்த்தேன். இன்ஜினிலிருந்து வரும் தடித்த சிவப்புக் கம்பிக்கும் பேட்டரிக்கும் இடையே இருந்த ஃபியூஸ் கூடு காலியாக இருந்தது. ஃபியூஸ் எரிந்திருக்கவில்லை, அது அங்கே இல்லவே இல்லை. கம்பியின் இரு முனைகளும் மஞ்சள் நிற இன்சுலேஷன் டேப்பால் நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தன, டேப்பின் மேல் தூசி படிந்திருந்தது. யாரோ ஒருவர் வேண்டுமென்றே அந்த இணைப்பைத் துண்டித்து, அப்படியே விட்டிருக்கிறார்.

அதே மாலையில், கரண்டிகள் வைத்திருந்த இழுப்பறையின் அடியில் நான்காக மடித்த ஒரு தாள் கிடைத்தது. எனக்கு முன் அதே வேனை எடுத்த ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: இரண்டு இரவுகள் பேட்டரி செத்துவிட்டது, அலுவலகத்தில் தெரிவித்துவிட்டேன், அடுத்து வருபவர் கவனமாக இருங்கள். கீழே போட்டிருந்த தேதி பிப்ரவரி மாதத்தது. அதாவது எனக்குக் கொடுப்பதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தாளையும் ஃபியூஸ் கூட்டையும் அளவுகாட்டியையும் அங்கேயே படம் எடுத்துக்கொண்டேன். பின்னர் இந்தப் படங்கள்தான் எனக்குக் கைகொடுத்தன.

அதன் பிறகு, ஓட்டும் நேரத்தில் முன்பக்க சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் கேமரா பேட்டரிகளைச் சார்ஜ் செய்துகொண்டு சமாளித்தேன். அடுத்த நாள் ஜாப்ரிஸ்கி பாயின்ட்டில் சூரியன் எழும்போது மேன்லி பீக்கன் என்ற அந்தக் கூர்மையான மேட்டின் நுனி முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு வெளிச்சம் மடிப்பு மடிப்பாகக் கீழிறங்கியதை மட்டும் யாராலும் என்னிடமிருந்து பறிக்க முடியவில்லை.

நான்காம் நாள் நடந்ததுதான் உண்மையான ஆபத்து. மேற்கே ஃபாதர் குரோலி காட்சிமுனைக்குப் போய்விட்டு, பனமின்ட் பள்ளத்தாக்கைக் கடந்து, டவுன் பாஸ் கணவாய் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கணவாய் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சாலை கடல் மட்டம் வரை நெடுக இறங்கும். இறக்கத்தின் நடுவில் வண்டியின் பின்பக்கம் அதிரத் தொடங்கியது. நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால், வலது பின் டயரின் மேற்பட்டை ஒரு சாண் நீளத்திற்கு உரிந்து நாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில மைல் அதே வேகத்தில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் 3414 என்று அச்சிடப்பட்டிருந்தது. கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பின் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். அதாவது 2014-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம். சில வாகனத் தயாரிப்பாளர்கள் ஆறு ஆண்டுகளிலேயே டயரை மாற்றச் சொல்கிறார்கள். பட்டையில் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், வெயிலில் கிடந்து ரப்பர் முதிர்ந்த டயர் இப்படித்தான் பிரியும். வெளிப்பார்வைக்கு அது புதிது போலவே இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மாற்று டயர் வண்டிக்கு அடியில் இருந்தது. ஜாக்கி இல்லை, வீல் ஸ்பேனரும் இல்லை. அவை இருக்க வேண்டிய பெட்டியில் ஒரு பழைய துணி மட்டும் இருந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. ஒன்றரை மணி நேரம் வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்த பிறகு, பிக்கப் வண்டியில் வந்த வயதான தம்பதியர் நிறுத்தி, தங்களிடம் இருந்த ஜாக்கி வேனின் எடையைத் தாங்காது என்பதால் என்னை ஸ்டவ்பைப் வெல்ஸ் வரை அழைத்துச் சென்றார்கள். இருபத்துநான்கு மணி நேர சாலை உதவி என்று ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் இருந்த எண்ணை அங்கிருந்து அழைத்தேன். அந்தப் பகுதியில் தங்களுக்குச் சேவையாளர் இல்லை, நீங்களே ஏற்பாடு செய்துகொண்டு ரசீதை அனுப்புங்கள் என்றார்கள். பூங்காவிற்கு வெளியிலிருந்து மீட்பு வண்டி வந்து டயரை மாற்றுவதற்கு ஐந்து மணி நேரமும் 410 டாலரும் ஆயின. ரசீதை அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி, விமானத்திற்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்றார். எழுத்தில் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தவறு. மூன்று நாள் கழித்து மின்னஞ்சலில் கணக்கு வந்தது. டயருக்கு 340 டாலர், சுத்தம் செய்ய 150 டாலர், தடைசெய்யப்பட்ட மண்சாலையில் ஓட்டியதற்காக 1,000 டாலர் அபராதம். 1,500 டாலர் முன்பணத்தில் பத்து டாலர் திரும்பி வந்தது.

இதில் என்னை மிகவும் புண்படுத்தியது அந்த அபராதம்தான். மூன்றாம் நாள் நான் ரேஸ்டிராக் பிளாயாவுக்குச் சென்றதாக அவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். காய்ந்த ஏரிப்படுகையில் கற்கள் தாமாகவே நகர்ந்து நீண்ட தடங்களை விட்டுச் செல்லும் இடம் அது; மெல்லிய பனித்தகடுகளைக் காற்று தள்ளுவதால்தான் அவை நகர்கின்றன என்று 2014-இல் ஆய்வாளர்கள் நேரில் பதிவுசெய்து விளக்கும் வரை பெரும் புதிராக இருந்தது. என் பயணத்தில் நான் மிகவும் பார்க்க விரும்பிய இடம் அதுவே. அங்கே போக 27 மைல் கூர்கற்கள் நிறைந்த கரடுமுரடான பாதையைக் கடக்க வேண்டும் என்பதாலும், ஒப்பந்தம் அதைத் தடைசெய்கிறது என்பதாலும், வீட்டிலேயே திட்டத்திலிருந்து அதை அடித்துவிட்டேன். ஒப்பந்தத்தை மதித்து விட்டுக்கொடுத்த இடத்திற்கே சென்றதாகச் சொல்லி என்னிடம் பணம் பிடித்தார்கள். வண்டியின் ஜிபிஎஸ் பதிவைக் கேட்டேன். தரவில்லை.

படம் எடுப்பவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. அந்த நாளின் ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிந்திருந்தது. கைப்பேசிப் படங்களில் இடமும் பதிந்திருந்தது. காலை 6.50-க்கு ஜாப்ரிஸ்கி, 9.20-க்கு ஃபர்னஸ் கிரீக் கடையின் ரசீது, நண்பகலில் பேட்வாட்டரின் உப்புக் கட்டங்கள், மாலை நான்கு மணிக்கு ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ். ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து ரேஸ்டிராக் போய்வரவே ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். இவற்றை வரிசைப்படுத்தி, பேட்டரிப் படங்களையும் அந்தத் தாளின் படத்தையும் சேர்த்து, கிரெடிட் கார்டு வங்கிக்கு எழுத்துமூலம் மறுப்பு அனுப்பினேன். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் நியாயக் கடன் பில் சட்டத்தின்படி, பிழையான தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் பேசிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு மாதத்தில் 1,000 டாலரும் 150 டாலரும் திரும்பி வந்தன. டயர் பணம் வரவில்லை, ஏனெனில் சேதப் பாதுகாப்புக்கென நான் நாளொன்றுக்குத் தனியாகச் செலுத்திய கட்டணம் டயர், முன்கண்ணாடி, கூரை, அடிப்பகுதி ஆகியவற்றுக்குப் பொருந்தாது என்று ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது. கார் வாடகைக்குப் பாதுகாப்புத் தரும் கிரெடிட் கார்டுகள் பலவும் கேம்பர் வேனை விலக்கிவைத்திருக்கின்றன என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

இப்படி வண்டி எடுப்பவர்கள் வளாகத்திலேயே மின்கம்பியைப் பிடுங்கச் சொல்லி, இன்ஜினை அணைத்து, ஃப்ரிட்ஜையும் எல்லா விளக்குகளையும் அரை மணி நேரம் ஓடவிட்டு வோல்ட் அளவைப் பாருங்கள். பிறகு இன்ஜினைக் கிளப்பி அந்த எண் 13-க்கு மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். மாற்று டயர் உட்பட எல்லா டயர்களின் கடைசி நான்கு இலக்கங்களையும் குனிந்து படித்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அலுவலகம் மூடும் நேரத்திற்கு வண்டி எடுக்கச் செல்லாதீர்கள். காலையில் செல்லுங்கள், ஒரு மணி நேரம் நிற்பதற்குத் தயாராகச் செல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது, சேதம் இல்லை என்று எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

முன்னவர் எழுதிய தாளின் கீழே என் தேதியையும், ஃபியூஸ் இல்லாததையும், டயர் எண்ணையும் எழுதி, அதே இழுப்பறையில் வைத்துவிட்டு வந்தேன். கடந்த வாரம் பார்த்தபோது அதே வேன், அதே படங்களுடன், ஏப்ரல் இறுதி வரை முன்பதிவு ஆகியிருந்தது.