திருகு லாக் ட்ரெக்கிங் ஸ்டிக்: சில வருஷங்கள் மலை இறங்கிய பிறகு

என்னோடு காலையில் நடக்க வரும் தோழி ஒருத்தர் இந்த சீசனில் வெள்ளியங்கிரி போகிறார். "நீங்க வச்சிருக்கிற அதே ஸ்டிக் இப்ப விலை குறைஞ்சிருக்காம், வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். அந்த வாரம்தான் என் ஜோடியை ரிப்பேர் செய்து வாங்கி வந்திருந்தேன். வாங்குங்கள் என்றும் வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அலுமினியக் குழாய், மூன்று துண்டு, ஃபோம் கைப்பிடி, திருகி இறுக்கும் லாக். இதெல்லாம் வாங்கும் பக்கத்திலேயே போட்டிருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இடது முட்டியில் தேய்மானம் இருக்கிறது. மலைக்குப் போகும் என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றம் மூச்சைத்தான் கேட்கும். மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள்ளலாம். தினமும் கடற்கரையில் வேகமாக நடந்தாலே மூச்சுக்கு ஓரளவு பயிற்சி கிடைத்துவிடும். இறக்கம் தொடையைக் கேட்கிறது. ஒவ்வோர் அடியிலும் விழப் பார்க்கிற உடம்பைத் தொடைத் தசைதான் பிடித்து நிறுத்தி, மெதுவாகக் கீழே விட வேண்டும். வயதாக ஆக அந்தத் தசைதான் குறைகிறது. அது தளர்ந்தால் பாரம் முழுக்க முட்டிக்குப் போகும். சென்னையோ சமவெளி. பரங்கிமலையில் நூற்றுச் சொச்சம் படிதான், சில நிமிஷத்தில் கீழே வந்துவிடலாம். மணிக்கணக்கில் இறங்கிப் பழக இந்த ஊரில் இடமே கிடையாது. நம் கால்களுக்கு மலை இறக்கம் என்பது ஒவ்வொரு முறையும் புதுசு.

அந்த இடத்தில் இந்தக் கம்புகள் எனக்குச் செய்ததை நான் மறக்க மாட்டேன். முதலில் கம்பு ஊன்றி, பாரத்தைக் கைக்கும் தோளுக்கும் கொடுத்து, அப்புறம் காலை வைத்தால், முட்டிக்குள் அந்தச் சுருக்கென்ற வலி வருவதில்லை. முன்பெல்லாம் ஒரு மலை இறங்கினால் ஊருக்கு வந்தும் நாலு நாள் மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவேன். கம்பு வந்த பிறகு மறுநாளே மார்க்கெட் போகிறேன். திருவள்ளூர் பக்கம் குடியம் குகைக்குப் போகிற பாதையில் உருண்டைக் கூழாங்கற்கள் காலடியில் உருளும். அங்கே இரண்டு கம்பும் ஊன்றி நடந்தபோது நாலு கால் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று தெரிந்தது. ஏற்றத்தில் கம்பின் நீளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இறக்கத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும். சமதரையில் முழங்கை செங்கோணமாக மடங்கினால் சரியான உயரம். கைப்பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பிடித்தால் மணிக்கட்டே பாரத்தைத் தாங்கும், விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பாறை இடுக்குகளில் மட்டும் பட்டையைக் கழற்றிவிடுங்கள். கம்பு சிக்கி நாம் விழுந்தால் கட்டைவிரல் போய்விடும்.

இவ்வளவு நல்லது செய்த பொருள் மேல் எனக்கு ஏன் கோபம் என்றால், அந்த லாக்.

குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. திருகும்போது உள்ளே ஒரு கூம்பு ஏறி அந்த உறையை விரிக்கும், அது குழாயின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும். சுவரில் ஸ்க்ரூ ஏற்றும்போது ராவல் பிளக் விரிந்து பிடிப்பது போலத்தான். பிடிப்பு முழுவதும் உராய்வில்தான் இருக்கிறது. உள்ளே ஈரம், புழுதி, வியர்வை எது போனாலும் பிடிப்பு போச்சு. நம் ஊர்க் காற்றில் அலுமினியத்தின் உட்பக்கம் வெள்ளைப் பொடி பூக்கிறது. மடக்கி அலமாரியில் வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால், ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. இல்லாவிட்டால் இறுகிப்போய்க் கழற்றவே வராது. வறண்ட ஊரில் இந்தக் கம்பு நன்றாகவே இருக்கலாம். சென்னையில் வைத்துப் பராமரிக்கிறவர்களுக்குச் சோதனைதான்.

அது வழுக்குவதும் ஏற்றத்தில் இல்லை, சமதரையில் இல்லை. முழுப் பாரமும் கம்பில் இறங்குகிற இறக்கத்தில்தான் வழுக்கும். வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் முடித்து, விடிந்த பிறகு இறங்கி வருகிறேன். கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை எல்லாம் தாண்டி முதல் மலையின் படிகளுக்கு வந்தாயிற்று. கால் நடுங்குகிற நேரம். வலது கம்பு ஒவ்வோர் ஊன்றலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது, களைப்பில் கைக்குத் தெரியவில்லை. திடீரென்று ஒரு சாண் உள்ளே போனது. பக்கத்தில் வந்த பையன் முழங்கையைப் பிடித்துவிட்டான். "பாத்துங்கம்மா, மெல்ல வாங்க" என்று கடைசிப் படிவரை கூடவே வந்தான். அவன் கையில் அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடி.

அந்த மூங்கிலை அன்றைக்கு வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தேன். அதில் லாக் கிடையாது, தேவையும் இல்லை. ஏறும்போது கையைக் கீழே வைத்துப் பிடிக்கிறார்கள், இறங்கும்போது மேலே ஏற்றிக்கொள்கிறார்கள். கம்பு அப்படியே நிற்க, கைதான் நகர்கிறது.

வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்தவர் லாக்கில் எண்ணெய் ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தார். உராய்வில் நிற்க வேண்டிய பாகத்துக்கு எண்ணெய்! அடுத்த வாரம் திரும்பிப் போனால், "உறை மட்டும் தனியா வராதும்மா, புது ஜோடி வாங்கிக்கோங்க" என்று பதில். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு இல்லாமல் நல்ல குழாய், நல்ல கைப்பிடி எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொல்கிறார்கள். விற்றவர்களுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

சரி செய்து கொடுத்தவர் எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர். துண்டுகளைத் தனித்தனியாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெயை எடுத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டார். பிளாஸ்டிக் உறையின் வழவழப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தெடுத்தார். அப்புறம் யோசித்துவிட்டு, கீழ்க்குழாய் மேல்குழாய்க்குள் நுழைகிற இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி, அதன் மேல் பைப்புக்குப் போடுகிற கிளாம்ப் ஒன்றை இறுக்கினார். இனி லாக் விட்டாலும் கிளாம்ப் தாண்டிக் குழாய் உள்ளே போகாது. எவ்வளவு தெளிவான மூளை! ஒரே குறை, நீளத்தை மாற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும்.

அது சின்னக் குறை இல்லை என்பது பர்வதமலை போனவர்களுக்குத் தெரியும். பாறையில் அடித்திருக்கும் இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏறுகிற கடப்பாறைப் படியில் இரண்டு கையும் இரும்பில் இருக்க வேண்டும். அங்கே கம்பை மடக்கிப் பையில் செருகிக்கொள்வதுதான் இந்தக் கம்புக்கு மூங்கிலை விட இருந்த ஒரே பெரிய மேன்மை. கிளாம்ப் போட்ட பிறகு அதுவும் போயிற்று.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு இத்தனை வருஷம் உழைத்திருக்கிறது. குழாய் வளையவில்லை, கைப்பிடி உரியவில்லை, உலோக முனை இன்னும் கூராக இருக்கிறது. ரப்பர் மூடி மட்டும் தார் ரோட்டில் தேய்ந்து ஓட்டையாகும், அது எந்தக் கம்பிலும் நடப்பது. இதெல்லாம் கூட்டிப் பார்த்தால் 5-க்கு 4 கொடுக்க வேண்டிய பொருள்.

நான் 2 கொடுக்கிறேன். இருபது வயதுக்காரர் கம்பு வழுக்கினால் ஒரு தாவு தாவி நின்றுகொள்வார். என் வயதில் ஒரு விழுதல் என்பது இடுப்பெலும்பு. வயதானவர்கள் வாங்குவார்கள் என்று தெரிந்தும் இந்த லாக்கைப் போட்டு விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. விலை பாதியானாலும் என் பதில் இதுதான்.

தோழியிடம் சொன்னேன்: வெளியே கிளிப் மாதிரி மடக்கிப் பூட்டும் லாக் இருக்கிற ஜோடியாகப் பார்த்து வாங்குங்க, விலை கூட இருந்தாலும் பரவாயில்லை. பூட்டிவிட்டு உடம்பு பாரம் முழுக்கக் கம்பில் போட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கணும். வீட்டில் மடக்கி வைக்காதீங்க, துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்து வையுங்க. அதற்குள் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கிடைக்கும். அடி பிளக்காததாக, உங்கள் தோள் உயரத்துக்கு ஒன்று பொறுக்கிக்கோங்க.