பப்பாளி மாவுப்பூச்சிக்கு மருந்தா, குளவியா?

2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் கண்ணில் பட்ட பப்பாளி மாவுப்பூச்சியின் பூர்வீகம் மெக்சிகோ. பப்பாளியோடு நிற்கவில்லை, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவி விவசாயிகளின் பையைக் காலி செய்தது.

கைக்கு எட்டியது மருந்துதான். கடையில் உடனே கிடைக்கும், அடித்த மறுநாளே கொஞ்சம் பூச்சி செத்துக் கிடப்பதும் தெரியும். ஆனால் அதன் உடம்பு முழுக்க மெழுகுப் பூச்சு. முட்டைகளும் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கும். மருந்து உள்ளே போகாது. சில நாளில் மறுபடி வெள்ளை அப்பிக்கொள்ளும், மறுபடி செலவு. போதாக்குறைக்குப் பூச்சியைத் தின்னும் நல்ல பூச்சிகளும் சாகும். மல்பெரிக்காரர் பாடு இன்னும் மோசம்: மருந்து பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழுவே போய்விடும்.

அடுத்தது, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010-இல் வரவழைத்த 'அசரோபேகஸ் பப்பாயே' என்ற குளவி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கொட்டவும் கொட்டாது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், வெளிவரும் புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். ஒருமுறை விட்டால் தானே பெருகித் தானே பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும். குறை என்றால் வேகம்தான். பலன் தெரியச் சில மாதம் ஆகும், அதுவரை மருந்தைத் தொடாமல் இருக்க வேண்டும். கடன் வாங்கிப் பயிர் வைத்தவருக்கு அது லேசான காரியமா?

இருந்தாலும் என் ஓட்டு குளவிக்குத்தான். தமிழ்நாட்டில் இந்தப் பூச்சியை அடக்கியது அதுதான்.