விதைக்கிழங்குப் பெட்டி: கிழங்குக்கு நாலு நட்சத்திரம், சீட்டுக்கு ஒன்று

ஆன்லைனில் விதைக்கிழங்கு விற்கும் ஒரு கடையின் ‘சேம்புக் குடும்பப் பெட்டி’யைப் பற்றித்தான் இது. கடையின் பெயரைப் போடவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிற சின்னக் கடை, பொருளும் நல்ல பொருள், சீட்டில் அச்சடித்த எழுத்துக்காக அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட மனசு வரவில்லை. ஆனால் இதே மாதிரிப் பெட்டிகளை இப்போது நிறையப் பேர் விற்கிறார்கள், ஒருவர் சீட்டைப் பார்த்து இன்னொருவர் அச்சடிக்கிறார் என்பது படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் நீங்கள் எங்கே வாங்கினாலும் இது உதவும்.

முதலில் கிழங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு வகை, ஒவ்வொன்றும் தனி வலைப்பையில், சுற்றிலும் தேங்காய் நார்த்தூள். அழுகல் இல்லை, பூஞ்சை இல்லை, நசுங்கல் இல்லை. சேப்பங்கிழங்கு விதைகள் 25லிருந்து 35 கிராம் எடைக்குள் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள், நடவுக்கு அதுதான் வேண்டும். அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது, மேல்தோலில் வளையம் வளையமாக நார் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நுனியில் இளஞ்சிவப்பாக முளை தலையை நீட்டிவிட்டது. சேனைத் துண்டில்கூட நடுமொட்டு இருக்கும்படி பார்த்து வெட்டியிருக்கிறார்கள், இந்த அக்கறை எல்லாரிடமும் கிடைக்காது. விலை சந்தையைவிட ரொம்பவே கூடுதல்தான், ஆனால் சந்தையில் வாங்கும் கிழங்கு முளைக்குமா என்பது நம் அதிர்ஷ்டம். எனக்கு எல்லாமே முளைத்தன. சரி, இனி சீட்டுக்கு வருவோம்.

ஒவ்வொரு பைக்குள்ளும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சீட்டு. தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், அதற்குக் கீழே சாய்வெழுத்தில் தாவரவியல் பெயர். விளம்பரத்திலேயே ‘சரியான அறிவியல் பெயருடன்’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் நானும் வாங்கினேன். வந்தது என்னவென்றால், நாலில் ஒன்று பழைய பெயர், மற்ற மூன்றும் தப்பு.

பழைய பெயர் சேப்பங்கிழங்குக்கு. ‘கொலோகேசியா ஆன்டிகோரம்’ என்று இருக்கிறது. இதைத் தப்பு என்று அடித்துவிட முடியாது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கெல்லாம் இரண்டு சொல்லில் (முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம்) பெயர் வைத்துக்கொண்டு வந்தபோது சேம்பை ஆரம் என்ற பேரினத்தில் போட்டார், அதுவும் ஒன்றாக இல்லை, இரண்டாக: ஆரம் கொலோகேசியா, ஆரம் எஸ்குலெண்டம். பிறகு 1832இல், வியன்னாவில் ஷொன்ப்ருன் அரண்மனைத் தோட்டத்தில் இருந்த ஹைன்ரிக் வில்ஹெல்ம் ஷாட் என்பவர், சேம்புக் குடும்பத்தையே கட்டிக்கொண்டு அழுத மனுஷர், இந்த இரண்டையும் ஆரத்திலிருந்து பிரித்துக் கொலோகேசியா என்ற தனிப் பேரினத்துக்குக் கொண்டுவந்தார். எஸ்குலெண்டம் சுலபமாக எஸ்குலெண்டா ஆகிவிட்டது. இன்னொன்றை அப்படியே மாற்றினால் கொலோகேசியா கொலோகேசியா என்று வரும், பேரினமும் சிற்றினமும் ஒரே சொல்லாக இருப்பதை இன்றைய தாவரவியல் விதி ஏற்காது (விலங்குகளுக்கு அந்தத் தடை இல்லை, கொரில்லா கொரில்லா என்றே பெயர் உண்டு). ஷாட் அதற்கு வைத்த பெயர்தான் ஆன்டிகோரம்.

ஆக ரொம்ப காலம் இரண்டு சிற்றினம் என்றே பலரும் எழுதிவந்தார்கள். தாய்க்கிழங்கு ஒன்றே பெரிதாகப் பருத்து நிற்பது எஸ்குலெண்டா, தாய்க்கிழங்கு சிறுத்துச் சுற்றிலும் சேய்க்கிழங்குகள் கொத்தாகப் பிடிப்பது ஆன்டிகோரம், இப்படி ஒரு கணக்கு. நம் ஊரில் வறுவலுக்கு வாங்குகிற குட்டிக் குட்டிக் கிழங்கு இரண்டாவது ரகம். ஆனால் வயலில் போய்ப் பார்த்தால் இந்தக் கோடு நிற்காது, இரண்டுக்கும் நடுவே எத்தனையோ உருவங்கள் இருக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே சிற்றினமாகச் சேர்த்துவிட்டார்கள்.   நின்ற பெயர் எஸ்குலெண்டா. லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தின் இணையத் தரவுத்தளத்தில் ஆன்டிகோரம் என்று தேடினால் எஸ்குலெண்டாவுக்குத்தான் கொண்டுபோய் விடும். செலவில்லாத வேலை, ஒரு நிமிஷம்கூட ஆகாது, சீட்டு அச்சடிக்கும் முன் இதைச் செய்திருக்கலாம். கடைக்காரர் அந்தக் குட்டிக்கிழங்கு ரகம் என்று காட்ட ஆசைப்பட்டால் எஸ்குலெண்டா என்று எழுதிவிட்டு ‘வகை ஆன்டிகோரம்’ என்று சேர்த்துக்கொள்ளட்டும், பலர் இன்னும் அப்படி எழுதுகிறார்கள், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய குறை வேறு. சிற்றினப் பெயரைச் சரியாகவே போட்டாலும் நடுகிறவனுக்கு அது பாதி உதவிதான். சேம்பு பூப்பதே அபூர்வம், விதை பிடிப்பது அதைவிட அபூர்வம், ஆதிகாலத்திலிருந்து கிழங்கை வெட்டி வெட்டியே பரப்பியிருக்கிறோம். ஒவ்வொரு ஊரும் தனக்குப் பிடித்த செடியைப் பத்திரமாக வைத்துக்கொண்டதால் இந்த ஒரே பெயருக்குக் கீழே கணக்கில்லாத ரகங்கள். செல்லுக்குள் பார்த்தால்கூட ஒன்றில் 28 குரோமோசோம், இன்னொன்றில் 42. இத்தனையையும் கொலோகேசியா எஸ்குலெண்டா என்ற ஒரே பெயரில் அடைத்தால் எது எத்தனை மாதம், எது அரிக்கும், எது குழைய வேகும் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் பயிர் ரகப் பெயர் இருக்கிறது, அதற்கென்று தனியாகச் சர்வதேச விதிநூலும் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இலிருந்து இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ ரஷ்மி, ஸ்ரீ பல்லவி மாதிரிப் பெயர்கள் அந்த வகை. சீட்டில் ரகம் என்று ஒரு வரியே இல்லை. கேட்டதற்கு ‘நாட்டு ரகம்’ என்று பதில் வந்தது. எந்த நாடு, எந்த ஊர் என்று எழுதினாலாவது பரவாயில்லை.

இரண்டாவது பையில்தான் உண்மையான வம்பு. ‘பெரிய சேம்பு, கொலோகேசியா எஸ்குலெண்டா, ஈரமான இடத்தில் நடவும்’ என்று சீட்டு. முளைத்து நாலாவது இலை விரிந்ததுமே தெரிந்துவிட்டது, இது கொலோகேசியாவே இல்லை, ஸாந்தோசோமா சஜிட்டிஃபோலியம். அதே சேம்புக் குடும்பம்தான் (தாவரவியலில் அரேசி), ஆனால் வேறு பேரினம், வேறு கண்டம். இது அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, மரவள்ளி போல் அங்கிருந்து வந்து நம் கொல்லையில் ஒட்டிக்கொண்டது. பார்த்துக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். இலையைக் கையில் எடுங்கள், மேலே இரண்டு மடல்களுக்கு நடுவே ஒரு பிளவு இருக்கும். சேப்பங்கிழங்கு இலையில் காம்பு அந்தப் பிளவில் சேராது, சில விரல்கடை கீழே தள்ளி இலையின் முதுகில் ஒட்டியிருக்கும், மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளிதான் தெரியும், சிலவற்றில் அது ஊதா நிறப் புள்ளி. ஸாந்தோசோமாவில் காம்பு சரியாகப் பிளவின் உச்சியிலேயே வந்து சேர்கிறது. விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு இலை முழுக்கச் சுற்றி ஓடுவதும் தெளிவாகத் தெரியும். இதற்கு நுண்ணோக்கி, புத்தகம் எதுவும் வேண்டாம்.

இதில் என்ன போயிற்று, இரண்டும் சாப்பிடுகிற கிழங்குதானே என்று கேட்கலாம். சேப்பங்கிழங்கு தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், பசிபிக் தீவுகளில் நெல் மாதிரி நீர் கட்டியே வளர்க்கிறார்கள். ஸாந்தோசோமாவுக்கு வடிகால் வேண்டும், வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். சேப்பங்கிழங்கை 6, 7 மாதத்தில் தோண்டலாம், இது ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதம் கேட்கும். சீட்டை நம்பி வாய்க்கால் ஓரத்தில் வைத்தவர்கள், ஆறாம் மாதம் தோண்டிப் பார்த்தவர்கள் எல்லாம் அந்தக் கடையின் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் ‘கிழங்கு வரவில்லை, ஏமாற்று’ என்று திட்டியிருக்கிறார்கள். பாவம், கிழங்கு மேல் ஒரு குற்றமும் இல்லை. என் செடி தப்பித்ததற்குக் காரணம் மேட்டுப் பாத்தியில் இருந்ததுதான்.

மூன்றாவது சேனை. ஆங்கிலத்தில் இதை ‘யானைக்கால் யாம்’ என்கிறார்கள் அல்லவா, யாம் என்றால் டயாஸ்கோரியாதானே என்று யாரோ முடிவு பண்ணி ‘டயாஸ்கோரியா’ என்று அச்சடித்துவிட்டார்கள். டயாஸ்கோரியா என்பது ராசவள்ளி, காய்வள்ளி எல்லாம் இருக்கிற கொடி வகை, குடும்பமே வேறு. சேனை சேம்புக்குத்தான் சொந்தம், அமார்ஃபோஃபாலஸ் பியோனிஃபோலியஸ் என்று பெயர், கொடியேறாது, ஒற்றைத் தண்டில் குடை விரித்து நிற்கும். பழைய தமிழ் வேளாண் கையேடுகளில் கம்பானுலாட்டஸ் என்று பார்த்திருப்பீர்கள், அதுவும் இதேதான், 1977இல் நிக்கல்சன் என்பவர் திருத்தினார். சீட்டின் பின்பக்கம் ‘பந்தல் தேவை’ என்று வேறு குறிப்பு. சேனைக்குப் பந்தலா! எங்கள் பக்கத்து விவசாயி ஒருவரிடம் காட்டினேன், சிரித்து முடிக்கவே நேரமாகிவிட்டது.

நாலாவது அலங்காரச் செடி. கருஊதாத் தண்டு, கறுத்த இலை, பெயர் ‘யானைக்காது, அலோகேசியா’. இதுவும் கொலோகேசியா எஸ்குலெண்டாதான், ‘பிளாக் மேஜிக்’ என்று நர்சரிகளில் விற்கிற ரகம் மாதிரி இருக்கிறது. அலோகேசியா இலைகள் பெரும்பாலும் நுனி வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும், கொலோகேசியா இலை நுனி தரையைப் பார்த்துத் தொங்கும். யானைக்காது என்பது செடி வியாபாரத்தில் கொலோகேசியா, அலோகேசியா, ஸாந்தோசோமா, கலாடியம் என்று பாதிக் குடும்பத்துக்குச் சொல்லும் பெயர், அதை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. அந்த உவமை மட்டும் எனக்குப் பிடிக்கும். குறுந்தொகையில் மலைச்சாரல் சேம்பின் இலை வாடையில் ஆடுவது பெரிய களிற்றின் செவி போல் இருக்கிறது என்று ஒரு பாட்டு உண்டு, இங்கிலீஷ்காரர்கள் நர்சரி வைக்கும் முன்பே நாம் சொல்லிவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

கூடவே ஒரு துண்டுப்பிரசுரம். அதில் ‘டாரோ, ஹவாய்த் தீவில் பிறந்த அதிசயக் கிழங்கு’ என்று தலைப்பு, பக்கத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பானத்தின் படம். சேப்பங்கிழங்கின் ஆங்கிலப் பெயரான டாரோ என்ற சொல் பசிபிக் தீவுகளின் பாலினீசிய மொழிகளிலிருந்து வந்தது சரி, ஆனால் ஹவாய்க்கே அந்தக் கிழங்கைப் படகில் கொண்டுபோனவர்கள் பாலினீசியர்கள்தான். இந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவும் சேர்ந்த பகுதிதான் அதன் சொந்த ஊர், நியூ கினியில் குக் சதுப்பு நிலத்தில் ஏறக்குறைய 10,000 வருஷத்துக்கு முந்தைய கற்கருவிகளில் சேம்பின் மாவுச்சத்துத் தடயம் கிடைத்திருக்கிறது. அப்புறம், வேகவைத்த சேப்பங்கிழங்கு வெள்ளையாகவோ சாம்பலாகவோ, மிஞ்சினால் லேசான ஊதாவாகவோதான் இருக்கும், அந்தக் கத்தரிப்பூ நிறம் பெரும்பாலும் கலர்ப் பொடி. உருப்படியாகச் சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டார்கள்: இந்தக் குடும்பத்தில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் உண்டு, பச்சையாக வாயில் வைக்கக் கூடாது, புளி சேர்த்து நன்றாக வேகவிட வேண்டும். நமக்குத் தெரியும், பெட்டி வாங்குகிற மாடித்தோட்டப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா.

இதையெல்லாம் படத்தோடு வாட்ஸப்பில் அனுப்பினேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஸாந்தோசோமா சீட்டை மாற்றிவிட்டார்கள், ‘ஈரமான இடத்தில்’ என்ற வரியையும் எடுத்துவிட்டார்கள். ரகப் பெயர் கேட்டு எழுதினால் விதை எந்த ஊரிலிருந்து எடுத்தது என்று பையிலேயே பேனாவால் எழுதித் தருவதாகச் சொன்னார்கள், ஆர்டர் போடும்போது குறிப்பு எழுதும் இடத்தில் மறக்காமல் கேளுங்கள். சேனைச் சீட்டு மட்டும் நிறைய அச்சடித்துவிட்டார்களாம், ‘அது தீரட்டும் சார்’ என்றார்கள். தீரும் வரை அந்தப் பையோடு பந்தல் குறிப்பும் வரும், கம்பும் கயிறும் வாங்கிவிடாதீர்கள்.