சயின்ஸ் ஃபிக்ஷன் ரசிகருக்கு லண்டன் எப்படி? பல வருட அனுபவம்

சயின்ஸ் ஃபிக்ஷன் பிடித்த நண்பர்கள் லண்டனுக்கு வந்தால் முதலில் கேட்பது ஐமேக்ஸ் எங்கே இருக்கிறது என்றுதான். அடுத்தது ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் காமிக்ஸும் பொம்மைகளும் விற்கிற ஃபார்பிடன் பிளானட் கடை. மியூசிக்கல் என்றால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். பாட்டும் ஆட்டமும் நமக்கு எதற்கு, விண்வெளி இருந்தால் போதும் என்பார்கள். சுஜாதாவின் ஜீனோவோடு வளர்ந்து, 2000களின் நடுவில் இல்ஃபோர்டில் குடியேறியவன் நான். அன்று முதல் இந்த ஊரின் சினிமா, மேடை, இரவு மூன்றையும் விடாமல் அனுபவித்து வருகிறேன். என் தீர்ப்பு இது: சயின்ஸ் ஃபிக்ஷன் ரசிகருக்கு லண்டன் போடுகிற பெரிய விருந்து மியூசிக்கல் மேடையில்தான் இருக்கிறது. சினிமா அதற்குத் துணை. இரண்டையும் பார்த்தால்தான் ஊர் முழுசாகக் கிடைக்கும்.

இதற்கு என் கையில் இருக்கும் சாட்சி ஒரு கட்டடம். டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே நிற்கிற டொமினியன் தியேட்டர். 1929ல் திறந்தது. அமெரிக்காவில் 1977 மே மாதம் வெளியான ஸ்டார் வார்ஸ் லண்டனுக்கு வர டிசம்பர் 27 ஆகிவிட்டது. அன்று படம் திறந்த இரண்டு அரங்குகளில் இது ஒன்று. அப்புறம் 1986ல் இதே இடத்தில் டைம் என்ற மியூசிக்கல். கிளிஃப் ரிச்சர்ட் பாப் பாடகராக வருவார். அவரை விண்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போய், பூமி பிழைக்கலாமா வேண்டாமா என்று நடக்கிற விசாரணையில் நிறுத்திவிடுவார்கள். 2002 முதல் 2014 வரை, பன்னிரண்டு வருடம், குவீன் ராக் குழுவின் பாடல்களை வைத்து வீ வில் ராக் யூ. இசைக்கருவிகளுக்கே தடை போட்ட ஒரு வருங்காலத்தில் நடக்கிற கதை. 2016ல் செவ்வாய்வாசிகள் பூமியைத் தாக்கும் கதையை ஜெஃப் வெய்ன் இசையாக்கிய வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ். ஒரே கூரைக்குக் கீழே இத்தனையும் நடந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வாசலைச் சும்மா கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை.

நான் லண்டனில் பார்த்த முதல் மியூசிக்கல் வீ வில் ராக் யூதான். வாசலுக்கு மேலே குவீன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் சிலை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். விமர்சகர்கள் அந்த நிகழ்ச்சியைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். கதை மெல்லியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தி, கணினி எழுதிய பாட்டையே கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் உலகத்தைக் காட்டிவிட்டு, அங்கே ஒரு மனிதக் குரல் நிஜமாகவே அரங்கம் அதிர எழும்புகிறபோது நெஞ்சுக்குள் ஏதோ நடக்கிறது. திரையில் அதே காட்சி வந்தால் நாம் புரிந்துகொள்வோம். மேடையில் அந்தக் குரலுக்கும் நமக்கும் நடுவே காற்று மட்டும்தான் இருக்கிறது.

டைம் நிகழ்ச்சியைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அதில் பிரபல பிரிட்டிஷ் நடிகர் லாரன்ஸ் ஒலிவியே நடித்தார், ஆனால் ஒரு நாள்கூட மேடை ஏறவில்லை. அவர் முகத்தை முன்கூட்டியே படமெடுத்து, பிரம்மாண்டமான ஒரு தலைச் சிற்பத்தின் மேல் ஒளிபாய்ச்சிப் பேச வைத்தார்கள். இருபது வருடம் கழித்து 2006ல் வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ் சுற்றுப்பயணம் கிளம்பியபோது அதே உத்தி திரும்பி வந்தது. 1978 இசைத்தட்டில் கதை சொன்ன ரிச்சர்ட் பர்ட்டன் 1984லேயே இறந்துவிட்டார். அவருடைய தலை மேடையில் மிதந்துகொண்டு பேசியது. இல்லாத ஆளை மேடையில் வரவழைப்பது, தூரத்தில் இருப்பவரை, போய்ச் சேர்ந்தவரைக் கண்முன் நிறுத்துவது: சயின்ஸ் ஃபிக்ஷன் காலங்காலமாகக் கண்டுவரும் கனவு இது. லண்டன் மேடை அந்தக் கனவை விட்டுக்கொடுக்காமல் திரும்பத் திரும்ப முயன்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த முயற்சி எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க ஒலிம்பிக் பூங்காவுக்குப் போக வேண்டும். புட்டிங் மில் லேன் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஆபா வாயேஜுக்காகக் கட்டிய அரங்கு. ஸ்வீடனின் ஆபா பாப் குழுவின் டிஜிட்டல் உருவங்கள் பாடி ஆடுகிற நிகழ்ச்சி அது. 3,000 பேர் கொள்ளும். 2022 மே மாதம் தொடங்கியது. ஆபா குழுவின் நான்கு பேரையும் உடலோடு ஒட்டிய உடை மாட்டி, 160 கேமராக்கள் சூழ ஐந்து வாரம் ஆட வைத்துப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து அவர்களுடைய இளமைக்கால உருவங்களை உருவாக்கியது இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக். ஸ்டார் வார்ஸ் எடுப்பதற்காகவே 1975ல் ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிய அதே நிறுவனம். இதை ஒரு டிஸ்கோ நிகழ்ச்சி என்று நினைத்துத் தள்ளிவிடும் சயின்ஸ் ஃபிக்ஷன் ரசிகர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும்.

உட்கார்ந்து பார்க்க இருக்கை உண்டு. ஆனால் கீழே நின்று ஆடுகிற தளத்துக்கே சீட்டு வாங்குங்கள். இடது ஓரமாக நின்றால் நிஜ வாத்தியக்குழு கைக்கெட்டும் தூரத்தில் வாசிப்பது தெரியும். நான் அங்கேதான் நிற்பேன். டிரம்ஸ் அடிப்பவரின் நெற்றியில் வியர்வை. பக்கத்தில் பாடும் பெண் உருவத்தின் சரிகையில் விளக்கு பட்டுச் சிதறுகிறது. இந்த வியர்வை நிஜம், அந்தச் சரிகை வெறும் ஒளி. மூளை இரண்டையும் தரம் பிரிக்கப் பார்க்கிறது, இரண்டாவது பாட்டிலேயே அந்த வேலையைக் கைவிட்டுவிடுகிறது. பாட்டு முடிந்ததும் மூவாயிரம் பேர் அந்த உருவங்களுக்குக் கைதட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன். ரோபோக்களையும் மனிதர்களையும் பற்றி எத்தனையோ கதை படித்திருக்கிறேன். அந்தக் கதைகள் சொன்ன நாளுக்குள்ளேயே நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றிய இடம் அதுதான்.

சரி, சினிமாவுக்கு வருவோம். வாட்டர்லூ ரவுண்டானா நடுவில் இருக்கிற பிஎஃப்ஐ ஐமேக்ஸ் 1999ல் திறந்தது. திரை 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரம். இன்டர்ஸ்டெல்லார், டியூன் மாதிரிப் படங்களை 70 எம்எம் ஐமேக்ஸ் பிலிமில் பார்க்க இங்கிலாந்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பின்பாதியில், நடுவாக உட்காருங்கள். முன்வரிசையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பிலிமா டிஜிட்டலா என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

என் மனசுக்கு நெருக்கமான இடம் வேறு. லெஸ்டர் ஸ்கொயருக்குப் பின்னால் சந்துபோல ஒரு தெருவில் இருக்கிற பிரின்ஸ் சார்ல்ஸ் சினிமா. 1962ல் நாடக அரங்காகத் தொடங்கி, சில வருடத்திலேயே சினிமாவாக மாறியது. பழைய படங்களை 35 எம்எம், 70 எம்எம் பிலிமில் ஓட்டுகிறார்கள். விடிய விடியத் தொடர்காட்சிகளும் உண்டு. அவற்றுக்குத் தலையணையோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 80களின் சயின்ஸ் ஃபிக்ஷன் படமொன்றைக் கீறல் விழுந்த பிலிமில் அங்கே பாருங்கள். ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டப்புள்ளி மின்னி மறையும். சில நொடிகளில் இன்னொன்று. அடுத்த ரீலுக்கு மாறச் சொல்லி ஆபரேட்டருக்குப் போட்ட அடையாளம் அது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதைத் தேடாமல் படம் பார்க்க முடியாது. இந்த இடத்தின் குத்தகைக்கு 2025ல் ஆபத்து வந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். லண்டனில் என்ன மூடினாலும் தாங்கிக்கொள்வேன், இதை மூடினால் மாட்டேன்.

அங்கே பார்த்தே ஆக வேண்டியது ராக்கி ஹாரர். சினிமாவும் மியூசிக்கலும் சயின்ஸ் ஃபிக்ஷனும் ஒன்றாகக் கலந்து கிடைப்பது அதில்தான். 1973 ஜூனில் ஸ்லோன் ஸ்கொயரின் ராயல் கோர்ட் மாடியில், 63 இருக்கை கொண்ட சின்ன அறையில் தொடங்கியது. அங்கிருந்து கிங்ஸ் ரோட்டில் ஒரு பழைய சினிமா அரங்குக்கு மாறிப்போய், 1980 வரை லண்டனில் ஓடியது. மேடை வடிவத்தில் முதல் பாட்டைப் பாடுவது சினிமா தியேட்டரில் இடம் காட்டுகிற பெண். 1930களிலிருந்து 60களின் தொடக்கம் வரை வந்த சயின்ஸ் ஃபிக்ஷன் படங்களையும் நடிகர்களையும் வரிசையாகக் கூப்பிட்டு மரியாதை செய்கிற பாட்டு அது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் ஒவ்வொரு வரிக்கும் உள்ளுக்குள் ஒரு மணி அடிக்கும். 1975ல் படமாக வந்து தோற்றது. அடுத்த வருடம் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சிகள் தொடங்கிய பிறகுதான் பிழைத்தது. இன்றும் ரசிகர்கள் வேடம் கட்டிக்கொண்டு வருகிறார்கள், வசனத்துக்கு வசனம் பதில் கத்துகிறார்கள். திரையில் மழை பெய்தால் செய்தித்தாளைத் தலைக்கு மேல் பிடிப்பார்கள். கல்யாணக் காட்சியில் நம்ம ஊர் அட்சதை மாதிரி அரிசி வீசுவது வழக்கம், ஆனால் அரிசிக்கும் தண்ணீர்த் துப்பாக்கிக்கும் பல அரங்குகளில் தடை. வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போகக் கூச்சப்படாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் பத்து நிமிடத்தில் நண்பராகிவிடுவார்.

இப்போது பணமும் இருக்கையும். லண்டனின் நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டில் பெரிய நிகழ்ச்சிகளின் முன்னிருக்கை 150 பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அந்த விலை கொடுக்க அவசியமில்லை. அன்றன்றைக்கு விடுகிற ரஷ் டிக்கெட்டுகள் காலையில் செயலியில் வரும், லாட்டரியும் உண்டு. லெஸ்டர் ஸ்கொயரில் தள்ளுபடி டிக்கெட் விற்கிற டிகேடிஎஸ் கூண்டு இருக்கிறது. சனி இரவைவிட வார நாளில் விலை இறங்கும். கட்டடங்கள் பழையவை, பால்கனியில் முழங்கால் இடிக்கும்.

சயின்ஸ் ஃபிக்ஷன் ரசிகர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளில் தலைக்கு மேலே மாடி துருத்திக்கொண்டு நிற்கும். குடும்பக் கதை என்றால் பரவாயில்லை. நம் நிகழ்ச்சிகளில் வித்தையெல்லாம் மேலிருந்துதான் இறங்கும். ஒரு பழைய அரங்கில் அப்படி ஓர் இருக்கையை, பார்வை மறைக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், முழு விலைக்கே விற்றார்கள். விண்கலம் இறங்கியபோது எனக்குத் தெரிந்தது அதன் கால்கள் மட்டும். புகார் எழுதினேன், பதிலே வரவில்லை. அதனால் எப்போதும் முதல் மாடியின் முன்வரிசைகளைப் பாருங்கள். ஸ்ட்ராண்டில் அடெல்ஃபி தியேட்டரில் 2021ல் தொடங்கி வருடக்கணக்கில் ஓடிய பேக் டு த ஃப்யூச்சரை நான் அங்கிருந்துதான் பார்த்தேன். சாலையும் மின்னலும் திரைகளில் ஓட, காலப்பயணக் கார் இருந்த இடத்திலேயே சுழன்றபடி மணிக்கு 88 மைலைத் தொடும். எப்படிச் செய்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிகிறது, தெரிந்தும் உடம்பு சிலிர்க்கிறது. கடைசியில் அதே கார் மேடையை விட்டுக் கிளம்பி முன்வரிசைகளின் தலைக்கு மேலே வந்து நிற்கும்போது, முதல் மாடியில் இருப்பவருக்கு அது நேர் எதிரே. 2022ல் சிறந்த புதிய மியூசிக்கலுக்கான ஒலிவியே நாடக விருது அதற்குக் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள், சோஹோவுக்குள் நடங்கள். ஓல்டு காம்ப்டன் தெருவில் பிரின்ஸ் எட்வர்ட் தியேட்டர் வரும். இன்று மியூசிக்கல் அரங்கு. 1968ல் அதன் பெயர் கேசினோ சினிராமா, 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி லண்டனில் முதலில் திரையிடப்பட்டது அங்கேதான். கதையை இயக்குநர் குப்ரிக்கோடு சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் அப்போதே இலங்கைவாசி. பத்து வருடம் கழித்து அதே அரங்கில் எவிட்டா மியூசிக்கல் தொடங்கியது. அங்கிருந்து ஃப்ரித் தெருவுக்குள் திரும்பினால் சில நிமிடத்தில் 22ஆம் எண். கீழே 1949லிருந்து இருக்கிற பார் இட்டாலியா. அதன் மாடியில்தான் 1926 ஜனவரி 26 அன்று ஜான் லோகி பேர்டு தொலைக்காட்சியை அறிஞர்களுக்கு இயக்கிக் காட்டினார். சுவரில் நீலப் பலகை இருக்கிறது. தெருவோர மேசையில் ஒரு எஸ்பிரெஸ்ஸோ வாங்கிக்கொண்டு, பார்த்த நிகழ்ச்சியைப் பிரித்து மேய அதைவிடப் பொருத்தமான இடம் சயின்ஸ் ஃபிக்ஷன் ரசிகருக்குக் கிடையாது. பசித்தால் ஜெரார்டு தெருவில் சீன உணவகங்கள் நேரம் கடந்தும் திறந்திருக்கும்.

வெளியூரிலிருந்து ஒரே ஒரு வாரக் கடைசிக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்டால், வெள்ளி இரவு பிரின்ஸ் சார்ல்ஸ், சனி மதியம் ஐமேக்ஸ், சனி இரவு மேடை என்று சொல்வேன். வெள்ளியும் சனியும் சென்ட்ரல் உட்படச் சில லைன்களில் இரவு முழுக்க ரயில் ஓடுகிறது. இல்ஃபோர்டு பக்கம் தங்குகிறவர்கள் கேன்ட்ஸ் ஹில் வரை அதிலேயே வந்துவிடலாம். மற்ற நாட்களில் கடைசி ரயிலைத் தவறவிட்டால் இரவுப் பேருந்துதான், குளிர்காலத்தில் அதற்குத் தடிமனான கோட்டு வேண்டும்.