தெருவுக்கு ஒரு கதர்க் கொடி: தையல்காரன் பார்வையில்

போன ஆகஸ்டில் மதுரை செல்லூரில் எங்கள் தெருவுக்குக் கதர் தேசியக் கொடி ஒன்று வாங்கினோம். மூன்றடிக்கு இரண்டடி. விலை ஆயிரத்துச் சொச்சம். இதைக் கேட்டதும் பாதித் தெரு என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டது. “ஏண்ணே, ஆன்லைன்ல அம்பது ரூவாய்க்கு வருது. அதுலயும் இதே மூணு கலருதானே?” அப்படிக் கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தையல்காரன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் மெஷின் போட்டிருந்தேன். இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். கோயில் கொடி, தேரில் தொங்கவிடுகிற தொம்பை, சித்திரைத் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு இடுப்புக்குச் சல்லடம், தலைக்கு உருமா எல்லாம் தைத்த கை. எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பேன்.

முந்தைய வருஷம் மன்றத்துப் பையன்கள் வரவழைத்த பாலியஸ்டர் கொடி இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது. டேப் வைத்தால் நீளம் 34 அங்குலம், அகலம் 20. நம் கொடி 3-க்கு 2 என்ற கணக்கில் இருக்க வேண்டும். அப்படியானால் 34-க்கு 22½ அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலேயே வர வேண்டும். சக்கரம் கோழிமுட்டை மாதிரி நீண்டிருக்கிறது, ஆரங்களை எண்ணினால் 22. பின்பக்கம் சக்கரம் வெளிறிய நிழல். ஓரத்தை மடித்து அடிக்கக்கூட இல்லை, சூடு காட்டி விட்டுவிட்டார்கள். பாலியஸ்டர் என்பதற்காக அதைக் குறை சொல்லவில்லை. 2021 டிசம்பரில் கொடி விதிகளைத் திருத்தி, பாலியஸ்டரும் மெஷினில் செய்ததும் ஆகலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். கொடிக்கு ஆரம் 24 என்று எண்ணக்கூட நேரமில்லாத வேலையைத்தான் குறை சொல்கிறேன்.

இப்போது கதருக்கு வருவோம். பிரித்ததும் மேஜையில் விரித்து அளந்தேன். 90 சென்டிமீட்டருக்கு 60. மூன்று பட்டையும் தனித்தனித் துணி, ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர், இணைத்துத் தைத்திருக்கிறார்கள். சக்கரத்தின் குறுக்களவு 18.5. அதாவது வெள்ளைப் பட்டையில் மேலே முக்கால் சென்டிமீட்டர், கீழே முக்கால் சென்டிமீட்டர்தான் மிச்சம். இந்த இடம்தான் வேலை தெரிந்தவனுக்குப் பரீட்சை. தையல் கொஞ்சம் உள்ளே தின்றுவிட்டால் சக்கரம் காவியையோ பச்சையையோ முட்டிவிடும். முட்டவில்லை. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். முன்பக்க ஆரமும் பின்பக்க ஆரமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருந்தன. இரண்டு பக்கமும் தனித்தனியாக அச்சடித்து, இரண்டையும் இப்படிப் பொருத்துவது லேசுப்பட்ட காரியமில்லை.

அப்புறம் வெள்ளைத் துணியை ஈரமாக்கிப் பச்சையில் அழுத்தித் தேய்த்தேன். சாயம் ஒட்டவில்லை. காவியிலும் அப்படியே. துணியைக் கிட்டத்தில் பார்த்தால் இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடுகிறது. கையால் நூற்ற நூல் அப்படித்தான் இருக்கும். தறி நெய்த எங்கப்பா இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லியிருப்பார். கம்பத்துப் பக்கம் கயிறு ஓடுகிற பட்டி மட்டும் வேறு துணி, முரட்டுக் கதர். அந்த இடம்தான் இழுவை வாங்கும் என்று தெரிந்து போட்டிருக்கிறார்கள்.

கொடி வந்த ஊர் ஹூப்ளி. அங்கே பெங்கேரியில் கர்நாடகக் காதி கிராமோத்யோக சம்யுக்த சங்கம் என்று இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையோடு கொடி செய்கிற இடம். நாட்டில் பிரஷர் குக்கருக்கும் சிமெண்டுக்கும் தர எண் உண்டு அல்லவா, அந்த வரிசையில் முதல் எண் எதற்குத் தெரியுமா? தேசியக் கொடிக்கு. ஐ.எஸ். 1. குடியரசான மறுவருஷமே, 1951-இல், துணி என்ன, நூல் என்ன, நிறம் என்ன, சக்கரத்தின் அளவு என்ன என்று எழுதி வைத்துவிட்டார்கள். சோற்றுக்கே வெளிநாட்டுக் கப்பலைப் பார்த்திருந்த காலம் அது. அந்த நிலையிலும் கொடித்துணிக்கு அளவுநாடா எடுத்த நாடு என்றால் எனக்குப் பெருமைதான். தையல்காரனுக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

பறப்பதில் எப்படி? உள்ளதைச் சொல்கிறேன். பாலியஸ்டர் சின்னக் காற்றுக்கே துள்ளும். கதர் கனம், காற்று விழுந்தால் கம்பத்தோடு தொங்கும். எங்களுக்கு ஆடிக் காற்று மிச்சமிருந்ததால் தப்பித்தோம். காலை ஏற்றியபோது மெதுவாக விரிந்து, விரிந்த பிறகு படபடக்காமல் நின்றது. மத்தியானத் தூறலில் நனைந்து கனத்துவிட்டது; இறக்கி நிழலில் உலர்த்தினேன். சாயம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கவில்லை. 2022 ஜூலையிலிருந்து இரவிலும் பறக்கவிடலாம் என்று விதி இருக்கிறது. இருந்தாலும் கதரைப் பனியில் விடாதீர்கள், சாயங்காலம் இறக்கிவிடுங்கள்.

வாங்கிய கடையைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. மேலமாசி வீதிக் கதர்க் கடைகளில் ஒன்று. கொடி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. கயிறு தனியாக வாங்கிக்கொள்ளச் சொன்னார். பிரித்துப் பார்க்கவும் யோசித்தார். “பார்க்காம எப்படிய்யா வாங்குறது?” என்ற பிறகுதான் உறையைக் கிழித்தார். கொடிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விலை விஷயம். இந்தப் புகார் மதுரைக்குப் புதிதல்ல. 1921 செப்டம்பரில் ரயிலில் மதுரைக்கு வந்த காந்தி, அதே பெட்டியில் வந்த பயணிகளிடம் கதர் கட்டச் சொல்லிப் பேசினார். நாங்கள் ஏழைகள், கதர் விலை கட்டுப்படியாகாது என்றார்கள். அவர் தலையில் தொப்பி, மேலே சட்டை, இடுப்பில் முழு வேட்டி. 22-ஆம் தேதி இதே மேலமாசி வீதி வீட்டு மாடியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அரைவேட்டிக்கு மாறினார். அந்தக் கோலத்தில் முதலில் கூட்டத்தின் முன் நின்ற இடத்துக்குத்தான் காந்தி பொட்டல் என்று பெயர். நூறு வருஷம் கழித்தும் செல்லூரில் அதே பேச்சு. அன்றைக்குச் சொன்னவர்களிடம் உண்மையாகவே காசில்லை. எங்கள் தெருவில் கொடியேற்றத்தன்றைக்கு மைக்செட்டுக்குக் கொடுத்தது கொடியைவிட அதிகம். அதற்கு யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆளுக்கு முப்பது, நாற்பது என்று வசூலித்தால் ஒரு தெருவுக்குத் தாங்கும் விலைதான். ஒற்றை வீட்டுக்கு இந்த அளவு தேவையில்லை. 45-க்கு 30 சென்டிமீட்டர் அளவு போதும், மாடிக் கைப்பிடியில் கட்ட அதுதான் வாகு. ஜூலையிலேயே போய்விடுங்கள். ஆகஸ்ட் பிறந்தால் பள்ளிக்கூடத்துக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் பஞ்சாயத்து அலுவலகத்துக் கம்பத்துக்கு ஆகிற பெரிய கொடிதான் மிஞ்சும். போகும்போது டேப்பை மறக்க வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் ஆரத்தை எண்ணிவிட்டுக் காசைக் கொடுங்கள்.