உடைந்த பைக் பேனல்: பசையா, சூடா, அசிட்டோன் கூழா?

பைக் பேனலில் முதலில் போவது போல்ட் மாட்டும் காதுதான். என் பைக்கின் பக்கவாட்டுப் பேனலிலும் அதுதான் உடைந்தது. வீட்டிலேயே சரிசெய்யலாம் என்று இறங்கி, கடைசியில் அசிட்டோன் கூழை, அதாவது அசிட்டோன் என்ற கரைப்பானில் பிளாஸ்டிக்கை ஊறவைத்துச் செய்யும் கூழைத் தேர்ந்தெடுத்தேன். அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

சூப்பர் க்ளூ நொடியில் பிடிக்கும், அதிர்வில் விட்டுவிடும். சமையல் சோடா தூவினால் நன்றாக இறுகும். ஆனால் வளைந்து கொடுக்காமல் நொறுங்கும். எபாக்ஸி (இரண்டு பொருளைக் கலந்து பூசும் பசை) அதைவிடத் தேவலை, இடைவெளியையும் நிரப்பும்.

சரி, ஒட்டிய இடம் மறுபடி உடைந்தால்? அதிர்வு நிற்கப் போவதில்லை, உடையத்தான் செய்யும். எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். பசையோ எபாக்ஸியோ, பழையதைச் சுரண்டி எடுக்காமல் புதியது சரியாகப் பிடிக்காது. சுரண்டச் சுரண்ட பிளாஸ்டிக்கும் கூடவே போய், காது மெலிந்துகொண்டே வரும்.

கூழில் இந்தத் தொல்லை இல்லை. அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஏபிஎஸ் துண்டுகளை (லெகோ கட்டைகூட ஏபிஎஸ்தான், பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு எடுங்கள்) மூடிய கண்ணாடிக் குப்பியில் ஊறவைத்தால் தேன் பதத்துக்கு வரும். விரிசலில் தடவினால் பேனலின் மேற்பரப்பும் இளகி இரண்டும் கலந்துவிடும். அசிட்டோன் ஆவியானபின் மிஞ்சுவது வெறும் ஏபிஎஸ். மறுபடி உடைந்தால் அதன்மேலேயே தடவலாம். உப்புத்தாளால் தேய்க்கலாம், துளை போடலாம். மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒன்றிரண்டு நாள் காயவிட வேண்டும். முன்பக்கம் சொட்டினால் பெயிண்ட் போச்சு, எனவே பின்பக்கமாகவே வேலை செய்யுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும், அருகில் நெருப்பே கூடாது.

இதெல்லாம் ஏபிஎஸ்ஸுக்கு மட்டும். பேனலின் பின்புறத்தில் பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் பெயர் அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் பெயிண்ட் இல்லாத சின்னச் சீவலை சோப்புத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள்: ஏபிஎஸ் மூழ்கும், பாலிபுரொப்பிலீன் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் மிதக்கும். ஹெல்மெட் வைசர், விண்ட்ஷீல்டு பக்கம் அசிட்டோனைக் கொண்டே போகாதீர்கள், வெளுத்து விரிசல் விட்டுவிடும்.

பாலிபுரொப்பிலீனை அசிட்டோன் தொடாது, பசையும் சரியாகப் பிடிக்காது. அங்கே சால்டரிங் அயர்னால் உருக்கி, உள்ளே கம்பிவலை பதிப்பதுதான் வழி. மட்கார்டின் உட்பக்கத்தில் ஒருமுறை செய்தேன். பார்க்க அசிங்கம்தான், இதுவரை தாங்குகிறது. எடை தாங்கும் பாகத்துக்கு அதை நம்பலாமா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.